வெள்ளைக் கூம்பின் வழக்கு: ஸ்டுடியோ மானிட்டர்களை ஒப்பிடுவது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2001-ல் யமஹா தன் என்.எஸ்.10 ஸ்பீக்கரின் தயாரிப்பை நிறுத்தியது. வூஃபர் (கீழ் ஒலிகளைத் தரும் பகுதி) கூம்புக்கு வேண்டிய காகிதக்கூழ் இனிமேல் கிடைக்காது என்று காரணம் சொன்னார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஒலியியல் கருத்தரங்கு ஒன்றில் ஃபிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட், ஜூலியஸ் நியூவெல் மூவரும் அந்த ஸ்பீக்கரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தார்கள். அலைவரிசை கிராஃபில் சுமாராகத் தெரியும் ஒரு பெட்டியை, ஆம்ப் உள்ளேயே பொதிந்த நல்ல ஆக்டிவ் மானிட்டர்கள் வந்த பிறகும் மிக்ஸிங் இன்ஜினியர்கள் ஏன் கன்சோலிலிருந்து (மிக்ஸிங் மேசை) இறக்க மறுக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

ஆக்டிவ் மானிட்டர் வாங்க நினைப்பவருக்கு தனி ஆம்ப் வேண்டிய ஒரு பாஸிவ் ஸ்பீக்கரின் கதை எதற்கு என்று தோன்றலாம். ஆனால் இரண்டு மானிட்டர்களை அருகருகே வைத்து 'எது நன்றாக இருக்கிறது' என்று கேட்கும்போது நேரும் குழப்பங்கள் எல்லாமே இந்த ஒரு வழக்கில் இருக்கின்றன. நம் காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பங்கு சத்த அளவிலிருந்தும், வைத்த இடத்திலிருந்தும், கண்ணிலிருந்தும் வருகிறது. அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் ஸ்பீக்கருடையது. அந்த மிச்சத்தையும் ஒரே ஒரு கிராஃபில் படித்துவிட முடியாது.

எந்த ஸ்பீக்கர் இது

என்.எஸ்.10 வந்தது 1978-ல். ஸ்டுடியோவுக்காகச் செய்யப்பட்டதல்ல. வீட்டு அலமாரியில் சுவரை ஒட்டி வைத்துக் கேட்கும் ஹை-ஃபை ஸ்பீக்கராகத்தான் அகிரா நகமுரா அதை வடிவமைத்தார். 18 செ.மீ. வூஃபர், மேல் ஒலிகளுக்கு 3.5 செ.மீ. டோம் ட்வீட்டர், இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்க 2 கிலோஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர், சுமார் 10 லிட்டர் கொள்ளும் மூடிய பெட்டி. போர்ட் எனப்படும் காற்றுத் துளை இதில் கிடையாது. கண்ணில் முதலில் படுவது வெள்ளைக் கூம்பு. மற்ற கூம்புகளைப் போல அச்சில் வார்க்காமல், தட்டையான காகிதத்தை வெட்டிச் சுருட்டி ஒட்டிச் செய்தது. ஒட்டிய கோட்டை உற்றுப் பார்த்தால் காணலாம்.

வீட்டுச் சந்தையில் பெரிதாக எடுபடவில்லை. ஆனால் 1980-களில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் வேலை செய்யும் இன்ஜினியர்கள் பெருகினார்கள். ஒவ்வொரு ஊரிலும் சுவரில் பதித்த பெரிய மானிட்டர் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும். கூடவே எடுத்துப் போகவோ, எங்கு போனாலும் இருக்கும் என்று நம்பவோ ஒரு சின்னப் பெட்டி தேவைப்பட்டது. என்.எஸ்.10 அந்த இடத்தைப் பிடித்தது. ட்வீட்டர் கொஞ்சம் குத்தும் என்பதால் அதன் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டும் வழக்கமும் பரவியது. அமெரிக்க மிக்ஸிங் இன்ஜினியர் பாப் கிளியர்மவுண்டன் பெயரோடு சேர்த்து இந்தக் கதை சொல்லப்படும். பாப் ஹோடாஸ் என்பவர் இதை மெனக்கெட்டு அளந்தே பார்த்தார். காகிதம் உயர் அதிர்வெண்களைக் குறைப்பதோடு நிற்காமல், ட்வீட்டரை நோக்கித் திருப்பி அனுப்பிக் கிராஃபில் பள்ளங்களையும் உண்டாக்குகிறது, காகித ரகத்துக்கு ரகம் விளைவும் மாறுகிறது என்று கண்டார். 1987-ல் யமஹாவே ட்வீட்டரைத் தணித்து, படுக்கை வாட்டில் வைக்கத் தோதாகப் பெயரையும் திருப்பி அச்சிட்டு, 'ஸ்டுடியோ' என்ற பெயரொட்டுடன் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. அத்தோடு டிஷ்யூவுக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? இப்போது அவன்டோன் நிறுவனம் விற்கும் ஆக்டிவ் நகலில் 'டிஷ்யூ பேப்பர்' அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழே இருக்கிறது.

என்.எஸ்.10 பிறந்த அதே 1978-ல்தான் ஃபின்லாந்தின் ஈசால்மி ஊரில் ஜெனெலெக் நிறுவனமும் தொடங்கியது. அந்நாட்டு வானொலி நிறுவனத்தின் தேவைக்காக அவர்கள் செய்த எஸ்30, உள்ளேயே மூன்று ஆம்ப் கொண்ட ஆக்டிவ் மானிட்டர். வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப் கொடுத்து, கிராஸ்ஓவரை ஆம்புக்கு முன்னாலேயே மின்னணுவில் செய்துவிட்டால் துல்லியம் கூடும். ஒவ்வொரு பெட்டியையும் தொழிற்சாலையிலேயே அளந்து திருத்தவும் முடியும். பொறியியலாகப் பார்த்தால் இதற்கு எதிர்வாதம் அதிகம் இல்லை. இன்று கடையில் கிடைக்கும் நியர்ஃபீல்ட் (அருகில் உட்கார்ந்து கேட்கும்) மானிட்டர்களில் பெரும்பாலானவை இந்த வழி வந்தவைதான். அப்படியிருந்தும் பழைய பாஸிவ் பெட்டி 2001 வரை கன்சோல் மேல் உட்கார்ந்திருந்தது.

சவுத்தாம்ப்டனில் நடந்த ஒப்பீடு

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஒலி, அதிர்வு ஆய்வு நிறுவனத்தில் எதிரொலியே இல்லாத பெரிய அறை ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஒரு ஒலிப்பதிவுப் பத்திரிகைக்காக அங்கே ஏற்கெனவே பல நியர்ஃபீல்ட் மானிட்டர்களை ஒரே முறையில் அளந்து வைத்திருந்தார்கள். ஆக்டிவ், பாஸிவ் கலந்து முப்பதுக்கு மேல். என்.எஸ்.10-ஐயும் அதே அறையில், அதே முறையில் அளந்து அந்த வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். இந்த ஒப்பீட்டின் பலமே அதுதான். அறை இல்லை, சுவர் இல்லை, விளம்பரத் தாளில் நிறுவனம் சொல்லும் எண்ணும் இல்லை.

முதல் கிராஃபில், அதாவது எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தம் என்று காட்டுவதில், என்.எஸ்.10 தோற்றது. 1.5 - 2 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் சுமார் 5 டெசிபல் மேடு. கீழே 200 ஹெர்ட்ஸ் அருகிலேயே பேஸ் சரியத் தொடங்குகிறது. சுவருக்கு அருகில் வைக்கவென்று செய்த பெட்டியை வெட்டவெளி போன்ற அறையில் அளந்தால் அப்படித்தான் இருக்கும். கன்சோலின் மேல்விளிம்பில் வைத்தால் கன்சோலின் பரப்பே ஒரு சுவராகி, சரிந்த பேஸில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். எப்படிப் பார்த்தாலும் இது நேர்கோடு இல்லை. அந்த வரிசையில் இதைவிட நேரான ஆக்டிவ் மானிட்டர்கள் இருந்தன.

இரண்டாவது கிராஃபில் கதை மாறியது. ஒலியை நிறுத்திய பிறகு ஒவ்வொரு அதிர்வெண்ணும் அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் படம் அது. அருவி இறங்குவது போல் இருப்பதால் அதற்கு வாட்டர்ஃபால் என்று பெயர். என்.எஸ்.10-ல் கீழ் அதிர்வெண்கள் சட்டென்று அடங்கின. போர்ட் உள்ள பல மானிட்டர்களில் மேலே எல்லாம் ஓய்ந்த பிறகும் அடியில் ஒரு வால் நீண்டுகொண்டிருந்தது. திடீரென்று ஒரு துடிப்பைக் கொடுத்தால் ஸ்பீக்கர் அதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது என்ற சோதனையிலும் இந்தச் சின்னப் பெட்டி நன்றாகச் செய்தது. உருக்குலைவும் தன் அளவுக்குக் குறைவு.

ஆக, கட்டுரையின் வாதம் இது: மிக்ஸ் செய்பவர் கிக் டிரம்முக்கும் பேஸ் கிட்டாருக்கும் இடையே எவ்வளவு சத்தம் என்று தீர்மானிக்கும்போது, ஸ்பீக்கர் தன் பங்குக்கு வாலைச் சேர்த்தால் தீர்மானம் பிசகும். வால் இல்லாத ஸ்பீக்கரில் கீழ்ப்பகுதி குறைவாகக் கேட்டாலும் உள்ளது உள்ளபடி கேட்கும். அலைவரிசை மேடு பள்ளத்தைப் பழகிக்கொள்ளலாம். நேரத்தில் குழம்பியதைப் பழகிக்கொள்ள வழியில்லை.

துளை என்ன செய்கிறது

இதன் இயற்பியல் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கத் தக்கது. இன்றைய ஆக்டிவ் மானிட்டர்களில் பெரும்பான்மைக்கும் இதுதான் அடிப்படைப் பேரம்.

மூடிய பெட்டியில் வூஃபர் தன் எல்லைக்குக் கீழே போனால், ஒரு ஸ்தாயி இறங்க 12 டெசிபல் என்ற சரிவில் சத்தம் குறையும். போர்ட் வைத்த பெட்டியில் துளைக்குள் இருக்கும் காற்று தானும் ஒரு அதிர்வுறுப்பாக வேலை செய்து, எல்லையைக் கொஞ்சம் கீழே தள்ளிக் கொடுக்கும். ஐந்து அங்குல வூஃபரிலிருந்து 50 ஹெர்ட்ஸ் வருவது இந்த உபகாரத்தால்தான். ஆனால் அந்த எல்லை தாண்டியதும் சரிவு 24 டெசிபல். போர்ட்டின் அதிர்வெண்ணுக்குக் கீழே வூஃபருக்குப் பின்னால் காற்றின் பிடிப்பு இருக்காது. கூம்பு கட்டுக்கடங்காமல் ஆடும். ஆக்டிவ் மானிட்டரில் அதைத் தடுக்க ஒரு காப்பு ஃபில்டரை உள்ளே வைப்பார்கள். சரிவு இன்னும் செங்குத்தாகும். சரிவு செங்குத்தாக ஆக, அந்த எல்லையில் ஒலி வெளிவரத் தாமதமும் கூடும். இது யாருடைய கைத்தவறும் இல்லை. அனலாக் வடிவமைப்பில் ஒன்றைக் கேட்டால் மற்றது கூடவே வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்லை 40 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டியின் சரிவு பாடப்புத்தக வடிவில் இருந்தால் அந்த அதிர்வெண்ணில் தாமதம் சுமார் 5.6 மில்லிவிநாடி. 24 டெசிபல் சரிவில் அது சுமார் 14.7 மில்லிவிநாடி. ஒலி 14.7 மில்லிவிநாடியில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் போகும். அதாவது ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் ட்வீட்டரிலிருந்து கிக் டிரம்மின் 'டப்' வருகிறது. அதன் அடிவயிறோ அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஐந்து மீட்டர் தொலைவிலிருந்து கிளம்பியது போல வருகிறது. காப்பு ஃபில்டரையும் சேர்த்தால் இன்னும் தள்ளிப் போகும்.

டி.எஸ்.பி. (ஒலியை எண்களாக்கித் திருத்தும் சிப்) உள்ள புதிய மானிட்டர்கள் சிலவற்றில் இதைத் திருத்த முடிகிறது. கீழ் அதிர்வெண் தாமதமாக வருகிறது என்றால் மேலே உள்ளவற்றையும் காக்கவைத்து எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பலாம். மிக்ஸ் செய்யும்போது தொந்தரவில்லை. பாடகர் ஹெட்ஃபோனில் தன்னைக் கேட்டுக்கொண்டே பாட, பக்கத்தில் நீங்கள் ஸ்பீக்கரில் கேட்கும்போது அந்தக் காத்திருப்பு உறுத்தும். இன்னொரு வழி, போர்ட்டையே விட்டுவிட்டுப் பெரிய வூஃபரும் கூடுதல் ஆம்பும் வைப்பது. நாய்மன் கே.எச்.310 அப்படி மூடிய பெட்டியில் செய்த மூவழி ஆக்டிவ் மானிட்டர். அதன் எடையும் விலையும் வேறு ரகம்.

வழக்கின் மறுபக்கம்

சவுத்தாம்ப்டன் கட்டுரையை நான் பாதிதான் ஏற்கிறேன்.

வாட்டர்ஃபால் படங்களை அருகருகே வைத்ததில் ஒரு நியாயக்குறைவு இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஸ்பீக்கருக்கு 40 ஹெர்ட்ஸில் வால் தெரியும். அங்கே போகவே போகாத ஸ்பீக்கருக்கு வால் தெரியாது. இல்லாத பேஸ் எப்படி நீளும்? என்.எஸ்.10-க்கு 40 வரை இறங்கும்படி ஈக்யூ (அதிர்வெண் திருத்தம்) போட்டு அளந்தால் அதற்கும் ஒரு வால் முளைத்திருக்கும், போர்ட்டை விடச் சின்னதாக. அளவீடு பொய் இல்லை. ஆனால் 'வேகமான ஸ்பீக்கர்' என்ற பெயரில் ஒரு பங்கு 'பேஸ் குறைந்த ஸ்பீக்கர்' என்பதற்குச் சேர வேண்டும்.

அந்தத் தாமதம் காதுக்குத் தெரியுமா என்பது அடுத்தது. 1978-ல் பிளாவர்ட், லாஸ் இருவரும் செய்த சோதனையில் 2 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1 மில்லிவிநாடி, 500 ஹெர்ட்ஸில் சுமார் 3.2 மில்லிவிநாடி அளவு தாமதம் வந்தால்தான் கேட்பவர்கள் வித்தியாசம் கண்டார்கள். கீழே இறங்க இறங்க காது பொறுத்துக்கொள்கிறது. அந்தச் சோதனை 500 ஹெர்ட்ஸோடு நின்றது. நம் வழக்கோ 40, 50 ஹெர்ட்ஸில் நடக்கிறது.

கனடாவின் தேசிய ஆய்வுக் குழுமத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் ஸ்பீக்கர் ஆராய்ச்சி செய்த ஃபிளாய்ட் டூல் இந்த விஷயத்தில் எதிர்முகாம். அலைவரிசை நேராகவும், பக்கவாட்டில் போகும் ஒலியும் சீராகவும் இருந்தால் பெரும்பாலோருக்கு அந்த ஸ்பீக்கர் பிடிக்கிறது என்பது அவருடைய நீண்டகால முடிவு. என்.எஸ்.10-ன் நடுமேட்டுக்கும் அவர் பார்வையில் ஒரு விளக்கம் உண்டு. நேர்முன்னே போகும் ஒலியை நேராக்காமல், எல்லாத் திசைகளிலும் போகும் மொத்த ஒலியை நேராக்கும் கொள்கையில் செய்த பெட்டி அது. அலமாரியில் வைத்து அறையின் மறுகோடியிலிருந்து கேட்டால் அந்தக் கொள்கைக்கு ஏதோ அர்த்தம் இருந்திருக்கலாம். கன்சோலுக்கு முன் ஒரு மீட்டரில் உட்கார்ந்தால் நேரொலிதான் முதலில் காதில் விழும், மேடும் சேர்ந்தே விழும்.

எனக்கு இதைவிட வலுவாகப் படுவது அறையின் கணக்கு. பத்துக்குப் பத்து அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வீட்டு ஸ்டுடியோக்களில் பல அந்த அளவுதான். இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு நடுவே முதல் அதிர்வு சுமார் 56 ஹெர்ட்ஸில் நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் அது இரட்டிப்பாகும். கூரையும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம். உருட்டுக்கம்பி போட்ட கான்கிரீட் கூரை, பூசிய செங்கல் சுவர், டைல்ஸ் தரை: எதுவும் அந்த அதிர்வெண்ணை விழுங்காது. அந்த அறையின் வால் எந்தப் போர்ட்டின் வாலையும் முழுங்கிவிடும். சவுத்தாம்ப்டன் அறையில் தெரிந்த வித்தியாசம் நன்றாகப் பதப்படுத்திய கன்ட்ரோல் ரூமில் தெரியும். பத்துக்குப் பத்தில் அது புதைந்து போகும்.

இதற்குச் சாட்சியும் அதே 2001-லேயே வந்தது. ஜெனெலெக்கைச் சேர்ந்த ஆகி மாகிவிர்த்தாவும் கிறிஸ்டோஃப் அனெட்டும் உலகின் 164 தொழில்முறை அறைகளில் நிறுவியிருந்த 372 மூவழி மானிட்டர்களை அந்தந்த இடத்திலேயே அளந்தார்கள். தொழிற்சாலையில் ஒன்றுபோல் திருத்தி அனுப்பியவை. மேல் அதிர்வெண்களில் ஒன்றோடொன்று ஓரளவு ஒத்துப்போயின. கீழே இறங்கியதும் சிதறின. பெட்டி ஒன்றுதான், பேஸ் நூறு விதம். ஸ்டுடியோ என்று பெயர் வாங்கிய அறைகளிலேயே இந்த நிலை.

அப்படியானால் என்.எஸ்.10-ன் வெற்றிக்கு என்ன காரணம்? என் கணிப்பு: அது அறையைச் சீண்டவில்லை. அறை மோசமாக இருக்கும் பகுதியில் ஒலியே குறைவாக அனுப்பியது. ஒரு மீட்டர் தூரத்தில், எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான கன்சோல் மேல், ஒரே பெட்டி. நடுமேடு குரலையும் கிட்டாரையும் பூதக்கண்ணாடியில் காட்டியது. கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கச் சுவரில் பெரிய மானிட்டர் இருந்தது. தனியாக அந்த ஸ்பீக்கர் மட்டும் வைத்து மிக்ஸ் செய்தவர்கள் குறைவு. அதை மறந்துவிட்டு இன்று பழைய ஜோடியை ஏலத்தில் கொள்ளை விலைக்கு எடுத்து வீட்டில் தனியே வைப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

கண்ணின் பங்கு

டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் வெளியிட்ட ஒரு சோதனையை ஒப்பீடு செய்யும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 40 பேர், எல்லோரும் ஹார்மன் ஊழியர்கள். நான்கு ஸ்பீக்கர்கள். இரண்டு பெரியவை, பார்வைக்கு ஒன்றேபோல் இருப்பவை. கிராஸ்ஓவரில் மட்டும் சின்ன மாற்றம். ஒன்று வேறு நிறுவனத்தின் விலை உயர்ந்த பெட்டி. நான்காவது மலிவான, சின்னப் பெட்டிகளும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த தொகுப்பு. ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டார்கள், ஒரு முறை பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

திரை இருந்தபோது சின்னத் தொகுப்பு மரியாதையான மதிப்பெண் வாங்கியது. திரை விலகியதும் அது கீழே போனது. பெரிய, அழகான பெட்டிகள் மேலே ஏறின. இதுவாவது எதிர்பார்க்கக்கூடியது. அதைவிட உறுத்துவது இன்னொன்று: ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி உண்மையிலேயே மாறும். திரைக்குப் பின்னால் இருந்தபோது கேட்டவர்கள் அந்த மாற்றத்தைக் கவனித்து மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைத்தார்கள். கண்ணால் பார்த்தபோது அதைக் கவனிக்கவில்லை. எது எந்த ஸ்பீக்கர் என்று தெரிந்துவிட்டதால் காதின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பின்னாளில் ஹார்மன், திரைக்குப் பின்னால் சில விநாடிகளில் ஒரு ஸ்பீக்கரை எடுத்து அதே இடத்தில் இன்னொன்றை வைக்கும் இயந்திரத்தைக் கட்டியது இதற்காகத்தான்.

இப்போது வெள்ளைக் கூம்புக்குத் திரும்பலாம். 2005-ல் யமஹா எச்.எஸ். வரிசை ஆக்டிவ் மானிட்டர்களைக் கொண்டுவந்தது. கருப்புப் பெட்டி, வெள்ளைக் கூம்பு. பார்த்ததும் என்.எஸ்.10-ன் பிள்ளை என்றுதான் தோன்றும். ஆனால் சவுத்தாம்ப்டன் கட்டுரை எந்தக் குணத்தைப் புகழ்ந்ததோ அந்த மூடிய பெட்டி இதில் இல்லை, போர்ட் வந்துவிட்டது. அந்த வரிசையில் பிறகு வந்த எச்.எஸ்.5 மோசமான மானிட்டர் என்று சொல்லவில்லை. அந்த விலைக்கு ஒழுங்கான வேலைக்காரன்தான். ஆனால் 'என்.எஸ்.10 போலவே நேர்மையாக ஒலிக்கிறது' என்று யாராவது சொன்னால், அதில் எவ்வளவு கூம்பின் நிறம் சொல்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய பெட்டிகளை ஒப்பிடும்போது

விவரத்தாளிலேயே முதல் பொறி. எச்.எஸ்.5-க்குக் கீழ் எல்லை 54 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள்; அது சத்தம் 10 டெசிபல் குறைந்துபோன இடம். ஜே.பி.எல். 305பி மார்க் 2-க்கு அதே 10 டெசிபல் கணக்கில் 43, ஆனால் 3 டெசிபல் கணக்கில் 49. ஜெனெலெக் 8030சி-க்கு 6 டெசிபல் கணக்கில் 47, 2 டெசிபல் கணக்கில் 54. நாய்மன் கே.எச்.120 ஏ-க்கு 3 டெசிபல் கணக்கில் 52. வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் ஜே.பி.எல். எல்லோரையும் விட ஆழம், யமஹாவும் ஜெனெலெக்கும் சமம். எந்தக் கணக்கு என்று பார்த்தால் வரிசையே மாறும். 54-ல் 10 டெசிபல் குறைந்திருப்பதும் 2 டெசிபலுக்குள் நிற்பதும் ஒன்றா?

அப்புறம் சத்த அளவு. ஒரு டெசிபல் கூடினாலே அது 'தெளிவாக', 'உயிரோடு' இருப்பதாகக் காது சொல்லும், சத்தம் கூடியது என்று சொல்லாது. கடையில் ஒரு மானிட்டரின் பின்குமிழ் நடுவிலும் பக்கத்து மானிட்டரின் குமிழ் முக்காலிலும் இருந்தால் அங்கே ஒப்பீடு எதுவும் நடக்கவில்லை. பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் மீட்டர் வைத்து, அரை டெசிபலுக்குள் சமன்செய்ய வேண்டும். முழு பிங்க் நாய்ஸை விட 500 - 2000 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் எடுத்துச் சமன்செய்வது மேல். இல்லாவிட்டால் பேஸ் அதிகமுள்ள பெட்டியை மீட்டர் தானாகக் குறைக்கச் சொல்லும், குரல் பின்னால் போய்விடும். இதற்குப் போன் ஆப் போதும். உண்மையான அளவு தவறாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே தவறுதான்.

இடம். ஒரு பெட்டியை வெளிப்பக்கத்தில் சுவரருகேயும் மற்றதை உள்பக்கத்திலும் வைத்து ஒப்பிடக்கூடாது. வெளிப்பக்கம் இருக்கும் பெட்டிக்குப் பக்கச்சுவர் கூடுதல் பேஸ் கொடுக்கும். பின்சுவரின் கணக்கு தனி. ஸ்பீக்கரிலிருந்து சுவர் 60 செ.மீ. தள்ளி இருந்தால் திரும்பி வரும் ஒலி 143 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியை வெட்டும். ஒரு மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ். 'இந்த மானிட்டரில் மிருதங்கத்தின் தொப்பி அடங்கிக் கேட்கிறது' என்ற புகாரில் பாதி இந்த வெட்டுதான். முடிந்தால் ஒரே ஸ்டாண்டில் மாற்றி மாற்றி வையுங்கள். ஆள் இருந்தால், எது எப்போது என்று உங்களுக்குத் தெரியாமல் அவர் மாற்றட்டும். மெல்லிய பருத்தித் துணியைக் குறுக்கே கட்டினால் திரை ஆயிற்று. கெட்டியான ஜமுக்காளம் வேண்டாம், உயர் அதிர்வெண்ணைத் தின்றுவிடும்.

முதலில் ஜோடியாகக் கேட்காமல் ஒற்றையாகக் கேளுங்கள். ஸ்டீரியோவின் விரிவு பல குறைகளை மூடும். ஒரே பெட்டியில் கேட்டால் வித்தியாசங்கள் கூர்மையாக வரும் என்பதும் டூலின் ஆய்வுகளில் வந்ததுதான். ஸ்டீரியோ, படிமம், அகலம் எல்லாம் அதற்குப் பிறகு.

எதைப் போட்டுக் கேட்பது? பளபளப்பாக மாஸ்டர் செய்த திரைப்பாட்டில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் ஒலிக்கும். தனியாகப் பதிவான ஆண் குரல் பேச்சு ஒன்று வேண்டும். நெஞ்சுக்குள்ளிருந்து வரும் பகுதி வீங்குகிறதா, மூக்கில் ஏறுகிறதா என்று உடனே தெரியும். நேரத்தின் கணக்குக்கு, மிருதங்கத் தனி. தொப்பியில் கும்கி சறுக்கி எழும்போது ஒவ்வொரு சுருதிக்கும் சத்தம் சமமாக இருக்கிறதா, இல்லை நடுவே ஒரு இடத்தில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா? துருத்தும் இடம் எல்லா மானிட்டரிலும் ஒன்றே என்றால் குற்றவாளி அறை. பெட்டிக்குப் பெட்டி இடம் மாறினால்தான் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டும். போர்ட்டை ஒரு பஞ்சுருண்டையால் அடைத்துவிட்டு அதே துண்டை மறுபடி கேட்டுப் பாருங்கள். பேஸ் குறையும், அடக்கமாகும். அந்த அடக்கம் பிடித்துப்போனால் சவுத்தாம்ப்டன் வாதத்தில் உங்களுக்குப் பொருந்தும் பகுதியைச் செலவில்லாமல் சோதித்துவிட்டீர்கள். அடைத்தபடியே நிரந்தரமாக ஓட்டலாமா என்று கேட்டால், மெதுவான சத்தத்தில் சரி. உரக்க வைத்தால் வூஃபர் அதிகம் உழைக்கும், அந்தப் பெட்டியின் ஈக்யூவும் துளை திறந்திருக்கும் என்று நம்பித்தான் அமைத்தது.

பின்பலகையில் இருக்கும் அறைத் திருத்தக் குமிழ்களைத் தொடாமல் ஒப்பீட்டை முடிக்காதீர்கள். எச்.எஸ்.5-ல் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும் சுவிட்ச் உண்டு. சுவரை ஒட்டி மேசை போட்டிருப்பவருக்கு அது பூஜ்யத்தில் இருப்பதும் 4-ல் இருப்பதும் இரண்டு வேறு ஸ்பீக்கர்கள் அளவுக்கு வித்தியாசம். ஜெனெலெக்கில், நாய்மனில், ஜே.பி.எல்.லில் இதே வேலைக்கு வேறு பெயர்களில் சுவிட்சுகள் இருக்கின்றன. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மேசையில் வைத்து 'பேஸ் கொழகொழவென்று இருக்கிறது' என்று திருப்பிக் கொடுத்த மானிட்டர்களில் எத்தனை இந்த ஒரு சுவிட்சால் பிழைத்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.